கால் டாலர் மகாராணி

அல்தியா கிப்ஸனுக்கு 2025இல் அமெரிக்க அரசாங்கம் ஒரு நாணயம் வெளியிட்டது. கால் டாலர். இருபத்தைந்து சென்ட். ஒரு பக்கம் டென்னிஸ் மட்டையோடு அல்தியா. திருப்பிப் போட்டால் ஜார்ஜ் வாஷிங்டன். மனிதர்களைச் சொத்தாக வைத்துப் பண்ணை நடத்திய அதே வாஷிங்டன்தான். ஒரே உலோகத் துண்டில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இரண்டு பேரும் கடைகடையாய்ப் போய் வருகிறார்கள். தினமும் கவுண்ட்டரில் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிறவனுக்கு இது நல்ல வேடிக்கைதான். ஆனால் வேடிக்கை பார்ப்பதற்காக இதை எழுத உட்காரவில்லை.

நாணயத்தோடு சேர்த்து ஒரு கதையும் புழக்கத்தில் விட்டிருக்கிறார்கள். பருத்திக் காட்டில் பிறந்தாள். ஹார்லெம் தெருவில் விளையாடினாள். விடாமல் உழைத்தாள். 'அனுமதிக்கப்பட்டாள்'. ஜெயித்தாள். விம்பிள்டனில் ராணி கையால் கோப்பை வாங்கினாள். நிறவெறியின் கதவு 'திறந்தது'. சுபம்.

இந்த வினைச்சொற்களைக் கொஞ்சம் உத்துப் பாருங்கள் தோழர்களே. அனுமதிக்கப்பட்டாள் என்றால் யார் அனுமதித்தது? அதுவரைக்கும் யார் மறித்துக்கொண்டு நின்றது? கதவு திறந்தது என்றால் தானாகவா? எவன் பூட்டினான், சாவி எவன் மடியில் இருந்தது? 'முதல்' என்கிற பட்டத்தைத் தூக்கி ஒருத்தர் தலையில் வைத்துவிட்டால், அவருக்கு முன்னால் வரமுடியாமல் போன அத்தனை பேரும் தகுதி இல்லாதவர்கள் என்று சத்தமில்லாமல் தீர்ப்பாகிவிடுகிறது. "அவளால முடிஞ்சுதே, ஒங்களால ஏன் முடியலே?" அல்தியாவைப் புகழ்கிற சாக்கில் அல்தியாவின் ஜனங்களை அடிக்கிற வேலை இது. இந்தக் கதையை மறுத்து எழுத வேறு எங்கும் போக வேண்டாம். அல்தியாவின் வாழ்க்கையே போதும்.

1927 ஆகஸ்ட் 25, தென் கரோலினா மாநிலத்தில் சில்வர் என்கிற சிற்றூர். அப்பா டேனியல், அம்மா ஆனி. அடுத்தவன் நிலத்தில் பருத்தி விளைவித்துப் பங்கு வாங்கிப் பிழைத்த குடும்பம். பொருளாதார மந்தம் வந்து பருத்தியையும் தின்றுவிட, 1930இல் குடும்பம் வடக்கே நியூயார்க்குக்கு, ஹார்லெமுக்குப் போகிறது. லட்சக்கணக்கான கறுப்பர்கள் தெற்கை விட்டுக் கிளம்பிப் போன பாதைதான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளை, அப்பாவிடம் அடி வாங்குகிற பிள்ளை, கொஞ்ச காலம் ஆதரவற்ற குழந்தைகளுக்கான விடுதியில்கூட இருந்த பிள்ளை. பெண்பிள்ளையாச்சே என்று பார்க்காமல் அப்பா குத்துச்சண்டையும் கற்றுக்கொடுத்தார். அவர்கள் குடியிருந்த 143ஆவது தெருவைப் பகலில் வண்டி வராமல் அடைத்துப் பிள்ளைகள் விளையாட விடுவார்கள். அங்கேதான் பலகை மட்டையால் ஆடுகிற 'பேடில் டென்னிஸ்'. 12 வயதில், 1939இல், நியூயார்க் நகரப் பெண்கள் பிரிவில் அவர்தான் சாம்பியன்.

அடுத்து நடந்ததை நாணயம் அடித்தவர்கள் அவசர அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். தெருவில் பிள்ளைகளை விளையாட வைத்துக்கொண்டிருந்த பட்டி வாக்கர் என்கிற இசைக்காரர் பழைய டென்னிஸ் மட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். 1940இல் அக்கம்பக்கத்து ஜனங்கள் காசு வசூல் பண்ணி, ஹார்லெமில் இருந்த காஸ்மாபாலிட்டன் டென்னிஸ் கிளப்பில் சேர்த்துவிட்டார்கள். அரசாங்கம் கொடுக்கவில்லை, டென்னிஸ் சங்கம் கொடுக்கவில்லை. ஹார்லெம் ஜனங்கள், மந்தகாலம் இன்னும் முழுசாகத் தீராத நேரத்தில், கைக்காசைப் போட்டார்கள். கற்றுக்கொடுத்த ஃப்ரெட் ஜான்சனுக்கு ஒரு கைதான். ஒரு கையால் பந்தையும் தூக்கிப் போட்டு அதே கையால் மட்டையையும் வீசுகிற மனிதர். இதுதான் அல்தியாவின் 'விடாமுயற்சி'க்குப் பின்னால் இருந்த மூலதனம். தனிமனித உழைப்பு என்கிறார்களே, அந்தத் தனிமனுஷியை ஒரு தெருவே தூக்கிக்கொண்டு போய் விட்டிருக்கிறது.

அந்த கிளப்பும் சும்மா இல்லை. கறுப்பினத்தில் கொஞ்சம் வசதியான, படித்த மேட்டிமைக்காரர்கள் நடத்தியது. தெருச்சண்டைக்காரப் பிள்ளைக்கு அங்கே மட்டையைவிட மரியாதையைத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார்கள்: வெள்ளைச் சட்டை, அடக்கமான சிரிப்பு, தோற்றாலும் கைகுலுக்கல். வெள்ளைக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான் என்கிற பயம் கறுப்பு நடுத்தரவர்க்கத்தின் முதுகுத்தண்டில் ஓடுகிற பயம். அது நமக்கும் அந்நியமானது இல்லை. ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளையர் சங்கம் சேர்க்காததால் 1916இல் கறுப்பர்கள் தாங்களே அமெரிக்க டென்னிஸ் கழகம் என்று ஒன்றை நிறுவி, போட்டி நடத்தி, பட்டமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அல்தியா அதில் சிறுமியர் பட்டம் வாங்கி, 1947 முதல் 1956 வரை தொடர்ந்து பத்து வருஷம் பெண்கள் பட்டத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை. 1946இல் அவர் ஆட்டத்தைப் பார்த்த இரண்டு கறுப்பு டாக்டர்கள், ஹ்யூபர்ட் ஈட்டனும் ராபர்ட் வால்ட்டர் ஜான்சனும், படிப்பையும் பயிற்சியையும் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். படிப்புக் காலம் வட கரோலினாவில் ஈட்டன் வீட்டில், கோடைக்காலம் வர்ஜீனியாவில் ஜான்சனோடு. ஈட்டன் வீட்டிலேயே டென்னிஸ் மைதானம் உண்டு. வீட்டை விட்டு இறங்கிப் பஸ் ஏறினால் பின்பக்கம்தான் உட்கார வேண்டும், சட்டம் அப்படி. பாதியில் விட்ட பள்ளிப்படிப்பை அங்கே முடித்து, 1949இல் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் என்கிற கறுப்பர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1953இல் பட்டம் வாங்கினார்.

இனி 'தகுதி' என்கிற சமாச்சாரத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசியப் போட்டி அப்போது நியூயார்க்கில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்கிற இடத்தில் நடக்கும். 1929இல் ரெஜினால்ட் வியர், ஜெரால்ட் நார்மன் என்கிற இரண்டு கறுப்பு இளைஞர்களைத் தேசிய இளையோர் உள்ளரங்குப் போட்டியில் ஆடவிடாமல் வெள்ளையர் சங்கம் வெளிப்படையாகவே தடுத்தது. அல்தியா வந்த காலத்தில் ரொம்ப நாகரிகமாகிவிட்டார்கள். விதியில் நிறம் என்கிற பேச்சே கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆடிப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் போட்டிகள் எங்கே நடக்கும்? கிளப்புகளில். கிளப்புகளில் யாருக்கு இடம்? வெள்ளையருக்கு. ஆக, கறுப்பர் வரக்கூடாது என்று யாருமே சொல்லவில்லை, கறுப்பர் மட்டும் வரவில்லை. புள்ளிகள் இல்லையே, நாங்கள் என்ன செய்ய? எவ்வளவு சுத்தமான கை பாருங்கள். விதிமுறை நடுநிலையானது, விண்ணப்பப் படிவம் நடுநிலையானது, அதை வாங்கிப் பார்த்து 'வருந்துகிறோம்' என்று எழுதுகிற குமாஸ்தாகூட நடுநிலையானவர்தான். ஆதிக்கம் தன் முகத்தைக் கழுவிக்கொண்டு விதிமுறையாக வந்து உட்கார்ந்துகொள்வது இப்படித்தான். இதைப் படிக்கிற மாணவ நண்பர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

1950இல் ஆலிஸ் மார்பிள் ஒரு திறந்த கடிதம் எழுதினார். நான்கு முறை அமெரிக்கப் பட்டம் வென்ற வெள்ளைக்காரப் பெண். 'அமெரிக்கன் லான் டென்னிஸ்' பத்திரிகையின் ஜூலை இதழில் வந்தது. சீமான்களும் சீமாட்டிகளும் ஆடுகிற ஆட்டம் என்று பீற்றிக்கொள்கிறோமே, அப்படியானால் இந்த வேஷதாரித்தனத்தை விட்டுவிட்டு மனுஷர்களாய் நடந்துகொள்வோம் என்கிற அர்த்தத்தில் வெளுத்து வாங்கினார். மார்பிளின் நேர்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தன் ஆட்களுக்குள் நின்று தன் ஆட்களையே கேட்பதற்குத் தைரியம் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கறுப்பர் சங்கம் முப்பத்துநாலு வருஷமாய்ப் போட்டி நடத்தித் தட்டிக்கொண்டிருந்த கதவு, ஒரு வெள்ளைக்காரர் ஒரு பக்கம் எழுதியதும் அசைகிறது. அப்போதும் ஒரு விரற்கடைதான். நியூ ஜெர்ஸியில் ஒரு கிளப் மறுத்தது, இன்னொன்று சேர்த்துக்கொண்டது. அப்படி இப்படி என்று 1950 ஆகஸ்டில், தன் 23ஆவது பிறந்தநாளை ஒட்டி, அல்தியா ஃபாரஸ்ட் ஹில்ஸில் இறங்கினார்.

முதல் ஆட்டத்தை ஒரு மூலையில் தள்ளிக்கிடந்த மைதானத்தில் போட்டார்கள். ஜெயித்தார். இரண்டாவது சுற்றில் எதிரே லூயி ப்ரஃப், அந்த வருஷ விம்பிள்டன் சாம்பியன். முதல் செட்டை 1-6 என்று விட்டுவிட்டு, இரண்டாவதை 6-3 என்று பிடித்து, மூன்றாவதில் 7-6 என்று அல்தியா முன்னால் நிற்கும்போது இடியும் மழையும் வந்து ஆட்டம் நின்றுபோனது. அரங்கத்தின் உச்சியில் இருந்த கல் கழுகு இடி விழுந்து கீழே சரிந்தது. மறுநாள் ஆட்டம் தொடர்ந்து 7-9 என்று தோற்றார். இந்தக் கழுகு விழுந்த கதையை விளையாட்டு எழுத்தாளர்கள் இன்றைக்கும் சலிக்காமல் எழுதுகிறார்கள். கழுகு அமெரிக்காவின் சின்னம் அல்லவா, நல்ல உருவகம் கிடைத்துவிட்டது. நானும் கவிதை எழுதுகிறவன்தான், உருவகத்தின் ருசி எனக்கும் தெரியும். ஆனால் 34 வருஷ விலக்கலை ஒரு நிமிஷத்து இடியில் கரைத்துவிடுகிற உருவகம் எனக்கு வேண்டாம்.

அடுத்த பூட்டுக்குப் பெயர் 'அமெச்சூர்'. காசுக்கு ஆடாதவர் என்று அர்த்தம். 1968 வரைக்கும் விம்பிள்டனிலும் ஃபாரஸ்ட் ஹில்ஸிலும் அமெச்சூர்கள் மட்டும்தான் ஆடலாம். டிக்கெட் விற்ற காசு போட்டி நடத்துகிறவர்களுக்கு, கோப்பை ஆடியவருக்கு, வேண்டுமானால் பயணச்செலவு. வெளிப்படையாகக் காசு வாங்கினால் அப்புறம் அங்கே காலடி வைக்க முடியாது. 'விளையாட்டை விளையாட்டுக்காகவே ஆடும் உன்னத மரபு' என்று இதைச் சொல்வார்கள். சோத்துக்குக் கவலையில்லாதவன் கண்டுபிடித்த ஒழுக்கம் இது. அப்பன் சொத்து இருக்கிறவனுக்கு உன்னதம், கூலிக்காரன் மகளுக்குப் பட்டினி. அல்தியா மிஸௌரியில் ஒரு கறுப்பர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக வேலை பார்த்தார். 1955இல் போதும்டா சாமி என்று டென்னிஸை விட்டுவிட்டு ராணுவத்தில் பெண்கள் பிரிவில் சேர்ந்துவிடலாம் என்கிற யோசனைக்கே வந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அமெரிக்க வெளியுறவுத்துறைக்குத் திடீரென்று அல்தியாவின் மேல் அன்பு பொங்கியது. 1955 ஆகஸ்டில் மிஸிஸிப்பியில் எம்மெட் டில் என்கிற 14 வயதுக் கறுப்புப் பையனை அடித்துச் சிதைத்து ஆற்றில் போட்டார்கள். கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி செப்டம்பரில் விடுதலை செய்தது. அந்தப் பிள்ளையின் சிதைந்த முகத்தை உலகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, டிசம்பரில் மூன்று வெள்ளைக்கார ஆட்டக்காரர்களோடு ஒரு கறுப்புப் பெண்ணை ஆசியாவுக்கு 'நல்லெண்ணப் பயணம்' அனுப்பியது அமெரிக்கா. பர்மா, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான். எங்கள் ஊரில் எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்பதற்கு நடமாடும் சாட்சி. ஊருக்குள் பஸ்ஸில் பின்னால் உட்காரச் சொன்ன தேசம், வெளிநாட்டுக்கு முன்னால் நிறுத்தி அனுப்பியது.

இந்தியாவில் பிரமாதமான வரவேற்பு. சுதந்திரம் வாங்கி எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது, நிறவெறியைக் கண்டிப்பதில் நம் கனவான்களுக்கு அப்போது ஈடு இணை கிடையாது. தூரத்து நெருப்பில் கை காட்டுவது சுகம். அந்தப் புல்தரைகளில் பந்து பொறுக்கிக் கொடுத்த பையன்கள் எந்தச் சேரியிலிருந்து வந்தவர்கள், கைதட்டிய கனவான்களின் வீட்டு அடுப்படி வரைக்கும் அவர்களுக்குப் போக முடியுமா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. நம்மிலிருந்து ஒரு அல்தியா வந்து நின்றிருந்தால் அந்த கிளப் வாசலில் எந்த மொழியில் 'வருந்துகிறோம்' என்று சொல்லியிருப்பார்கள்? அம்பேத்கர் 1946இலேயே டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, நம் நிலைமைக்கும் அமெரிக்கக் கறுப்பர் நிலைமைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொன்னார். ஒன்பது வருஷம் கழித்து அல்தியா இங்கே வந்தபோது அவரை வரவேற்றவர்கள் அந்தக் கடிதத்தின் ஆட்கள் இல்லை.

அந்தப் பயணத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. இந்தியாவில்தான் ஆஞ்செலா பக்ஸ்டன் பழக்கமானார். இங்கிலாந்துக்காரர், யூதர். கறுப்பராகப் பிறந்ததால் ஒருவரும் யூதராகப் பிறந்ததால் ஒருவரும் வெள்ளைச் சீமாட்டிகளின் வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். சேர்ந்து ஆடினார்கள். 1956இல் பிரெஞ்சுப் போட்டி, விம்பிள்டன் இரண்டிலும் இரட்டையர் பட்டம். ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை 'சிறுபான்மையினர் வெற்றி' என்கிற மாதிரித் தலைப்பைப் பொடி எழுத்தில் போட்டதாகப் பக்ஸ்டன் பிறகு நக்கலாகச் சொல்வார். அதே பிரெஞ்சுப் போட்டியில் ஆஞ்செலா மார்ட்டிமரை 6-0, 12-10 என்று வென்று ஒற்றையர் பட்டமும் அல்தியாவுக்கு. நான்கு பெரிய போட்டிகளில் எதிலும் அதற்குமுன் எந்தக் கறுப்பரும், ஆணோ பெண்ணோ, ஒற்றையர் பட்டம் வென்றதில்லை.

1957 ஜூலை 6. விம்பிள்டன் இறுதி ஆட்டம். டார்லீன் ஹார்டை 6-3, 6-2. எலிசபெத் ராணி வந்து கையால் தட்டை எடுத்துக்கொடுத்தார். ஜூலை 11 நியூயார்க்கில் காகிதமழை ஊர்வலம். கறுப்பர்களில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து அப்படியொரு ஊர்வலம் அவருக்குத்தான். அதே மாதம் சிகாகோ பக்கம் ஒரு போட்டிக்குப் போன விம்பிள்டன் சாம்பியனுக்கு ஓட்டலில் அறை இல்லை என்றுவிட்டார்கள். ராணியின் கைபட்ட கை, ஓட்டல்காரனின் சாவியைத் தொடக்கூடாது. ஆகஸ்ட் கடைசியில் 'டைம்' பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது.

செப்டம்பர் 4, 1957. லிட்டில் ராக் நகரத்தில் மேல்நிலைப் பள்ளிக்குள் போகவந்த ஒன்பது கறுப்பு மாணவர்களை மாநில கவர்னர் துப்பாக்கிப் படையை நிறுத்தி மறிக்கிறார். 15 வயது எலிசபெத் எக்ஃபோர்ட் புத்தகங்களை அணைத்துக்கொண்டு தனியாக நடக்க, பின்னால் ஒரு கும்பல் கத்திக்கொண்டே வருகிறது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 8, ஃபாரஸ்ட் ஹில்ஸ். லூயி ப்ரஃபை 6-3, 6-2 என்று அல்தியா தோற்கடிக்கிறார். துணை ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்ஸன் சிரித்துக்கொண்டே கோப்பையைக் கொடுக்கிறார். இரண்டு புகைப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிக்ஸன் கொடுத்த கோப்பைக்கு அந்த வாரம் அரசாங்கத்துக்கு எவ்வளவு தேவை இருந்தது என்று விளங்கும். 1958இலும் விம்பிள்டன், ஃபாரஸ்ட் ஹில்ஸ் இரண்டும் அவருக்கே.

சரி, கதவு திறந்துவிட்டதல்லவா? ஃபாரஸ்ட் ஹில்ஸில் கறுப்புப் பெண் இரண்டு முறை சாம்பியன். 1959 ஜூலையில் ரால்ஃப் பஞ்ச் தன் மகனை டென்னிஸ் கற்க அதே ஃபாரஸ்ட் ஹில்ஸ் கிளப்பில் சேர்க்கப் போனார். பஞ்ச் யார்? ஐக்கிய நாடுகள் சபையின் உயர் அதிகாரி, 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கறுப்பர். கறுப்பர்களையும் யூதர்களையும் உறுப்பினராக்குவதில்லை என்று கிளப்பின் தலைவரே சொன்னார். விஷயம் நாறிப்போய் அவர் பதவி விலகினார் என்பது பிறகு. என் கேள்வி இவ்வளவுதான்: அல்தியா கோப்பையைத் தூக்கிக் காட்டி பத்து மாதம்கூட ஆகவில்லை, அதே புல்தரையில் ஒரு கறுப்புப் பையன் பந்து தட்டிப் பழக முடியாது என்றால் 1957இல் திறந்தது எந்தக் கதவு? சாம்பியனாக வா, உறுப்பினராக வராதே. கூத்துக்கு வா, குடியிருக்க வராதே.

1958இல், உலகத்தில் முதல் இடத்தில் இருக்கும்போதே, 31 வயதில் அமெச்சூர் டென்னிஸிலிருந்து அல்தியா விலகினார். பதினொரு பெரிய பட்டங்கள்: ஒற்றையரில் 5, பெண்கள் இரட்டையரில் 5, கலப்பு இரட்டையரில் 1. நான் வங்கிக்காரன், கணக்கை இப்படித்தான் பார்ப்பேன். பதினொரு வரி எழுதி, பரிசுத்தொகை என்கிற பத்தியில் பதினொரு தடவை சைபர். டென்னிஸ் மகாராணி என்றீர்களே, கிரீடத்தையா கடித்துத் தின்பது, வருமானவரிக்காரனுக்குச் சிம்மாசனத்தையா அனுப்புவது என்கிற தொனியில் அவரே பிற்காலத்தில் எழுதினார். விம்பிள்டன் காசு கொடுக்க ஆரம்பித்தது 1968இல். அப்போதும் ஆணுக்கு 2000 பவுண்டு, பெண்ணுக்கு 750.

தொழில்முறை ஆட்டக்காரரானார். பெண்களுக்கென்று தொழில்முறைச் சுற்றுப்போட்டி எதுவும் அப்போது கிடையாது. அதனால் ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் என்கிற கூடைப்பந்து வித்தைக் குழுவோடு ஊர் ஊராகப் போய், அவர்கள் ஆட்டத்துக்கு முன்னாலும் இடைவேளையிலும் டென்னிஸ் ஆடிக் காட்டினார். ஜனங்கள் சோளப்பொரி வாங்க எழுந்து போகிற நேரத்தில் உலக சாம்பியனின் ஆட்டம். கொஞ்சம் காசு வந்தது. அதை நம்பிச் சொந்தமாகப் பயணம் ஏற்பாடு பண்ணி அதையும் விட்டார். பாட்டுப் பாடி இசைத்தட்டு போட்டார். ஒரு ரொட்டிக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

ஜான் ஃபோர்டு எடுத்து 1959இல் வந்த 'தி ஹார்ஸ் சோல்ஜர்ஸ்' படத்தில், ஜான் வேய்ன் படத்தில், அடிமைப் பணிப்பெண்ணாக ஒரு வேஷம் கிடைத்தது. விம்பிள்டன் சாம்பியனுக்கு ஹாலிவுட் ஒதுக்கிய இடம் அதுதான். வசனத்தில் கறுப்பர்களைக் கேலி பண்ணுகிற அந்தக் கொச்சை மொழியை எழுதி வைத்திருந்தார்கள். சினிமாவில் கறுப்பர் என்றாலே பேசவைக்கிற, வெள்ளைக்காரன் கற்பனை பண்ணி வைத்த மொழி அது. இப்படிப் பேச மாட்டேன் என்று அல்தியா சொல்லிவிட்டார். ஜான் ஃபோர்டு சின்ன ஆள் இல்லை, யாரும் எதிர்த்துப் பேசிவிடக்கூடிய ஆளும் இல்லை. வசனம் மாறியது.

இந்த இடத்தில் நம் ஆட்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அல்தியா போராட்டக்காரர் இல்லை என்று ஒரு குற்றச்சாட்டு அப்போதே கறுப்புப் பத்திரிகைகளில் எழுந்தது. பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் மாதிரி இனத்துக்காகப் பேசவில்லை, தலைக்கனம் பிடித்தவர் என்றெல்லாம் எழுதினார்கள். நான் டென்னிஸ் ஆடுகிறவள், எந்த இயக்கத்துக்கும் கொடி பிடிக்க வரவில்லை என்கிற பாணியில்தான் அவரும் பதில் சொல்லிவந்தார். இன்றைக்கு மால்கம் எக்ஸ் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிற நம் தம்பிகளும் இதைப் படித்துவிட்டு, "அப்ப அவங்க வெள்ளைக்காரன் ஆளுதானே?" என்று கேட்கிறார்கள்.

அல்தியாவின் அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஆட்டம் வேறு அரசியல் வேறு என்பது அவர் வாழ்க்கையிலேயே ஒரு நாளும் உண்மையாக இருந்ததில்லை. வெளியுறவுத்துறை டிக்கெட் எடுத்துக் கொடுத்த அன்றைக்கே அது பொய்யாகிவிட்டது. ஆனால் குற்றம்சாட்டுகிறவர்களிடம் கேட்கிறேன். ஓட்டல் அறை மறுத்தபோது ஒரு பெண் தனியாகப் பெட்டியோடு நிற்கிறார். அடுத்த நாள் காலையில் ஆட்டம். தோற்றால் 'இவர்களால் முடியாது' என்று எழுதுவார்கள், கோபப்பட்டால் 'நாகரிகம் தெரியாதவள்' என்று எழுதுவார்கள், அழுதால் அதற்கும் ஒரு தலைப்பு இருக்கும். ஒரு முழு ஜனத்தொகையின் மானத்தையும் மட்டையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும். வெள்ளைக்காரப் பெண் எவளுக்காவது இந்தப் பாரம் உண்டா? லூயி ப்ரஃப் தோற்றால் ப்ரஃப் தோற்றார், அவ்வளவுதான். இந்தப் பாரத்தை ஏற்றியது வெள்ளைச் சமூகம். அதன்மேல் 'நீ ஏன் பேசலே?' என்று இன்னொரு மூட்டையை நாம் ஏற்றுகிறோம். நம் தெருவிலிருந்து முதல்முதலாக ஆபீசுக்குப் போன ஆளிடமும் இதைத்தானே செய்கிறோம்! ஆபீசில் அவன் தனியாக என்ன படுகிறான் என்று கேட்காமலே, மாறிட்டான்யா, ஒதுங்கிட்டான்யா என்கிறோம். இயக்கத்துக்குக் கேட்கிற உரிமை உண்டு. 143ஆவது தெருவில் காசு போட்ட ஜனங்களுக்கும் உரிமை உண்டு. ஜான் ஃபோர்டிடம் 'மாட்டேன்' என்று சொன்னாரே, எந்த மேடையும் இல்லாமல், கைதட்ட ஆள் இல்லாமல், வேலை போகுமென்று தெரிந்தே சொன்னாரே, அதை அரசியல் கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்களுக்கு அந்த உரிமை உண்டா என்பதுதான் என் வழக்கு.

1964இல், வேறு யாராக இருந்தாலும் ஓய்வெடுத்திருக்கிற வயதில், கோல்ஃபுக்குப் போனார். பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சுற்றில் சேர்ந்த முதல் கறுப்பர். மறுபடியும் அந்த 'முதல்'. மறுபடியும் அதே கிளப்புகள், வேறு புல். சில இடங்களில் ஆடவே விடவில்லை. சில இடங்களில் ஆடலாம், ஆனால் கிளப் கட்டிடத்துக்குள் வரக்கூடாது. காரில் உட்கார்ந்து உடை மாற்றிக்கொண்டு இறங்கி ஆடினார். ராணியிடம் தட்டு வாங்கி ஏழு வருஷம் கழித்து, கார் சீட்டில் குனிந்து செருப்பு மாற்றுகிற விம்பிள்டன் சாம்பியன். நாணயத்தில் இந்தக் காட்சியைப் பொறித்திருக்கலாம். 1970இல் ஒரு போட்டியில் முதலிடத்துக்குச் சமமாக முடித்து, முடிவு ஆட்டத்தில் தவறவிட்டார். அதுதான் கோல்ஃபில் அவருக்குக் கிடைத்த உச்சம். 1978 வரைக்கும் ஆடியும் மொத்தம் 25,000 டாலரைத் தாண்டவில்லை. நடுவில் நியூ ஜெர்ஸி மாநில விளையாட்டு ஆணையர் பதவி கொடுத்தார்கள். அதிகாரமும் இல்லை, நிதியும் இல்லை, நாற்காலி மட்டும் இருந்தது. ஒரு வருஷத்தில் வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டார்.

1980களின் கடைசியில் மூளையில் ரத்தக்கசிவு, 1992இல் பக்கவாதம். ஈஸ்ட் ஆரஞ்ச் என்கிற ஊரில் தனியாக ஒரு வீட்டில். வைத்தியச் செலவு இருந்ததையெல்லாம் தின்றது. டென்னிஸ் அமைப்புகளுக்குத் தெரியப்படுத்தியும் உதவி வரவில்லை. அந்த வருஷங்களில் டென்னிஸில் புரண்ட பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் இங்கிலாந்துக்குப் போன் போட்டு, நாற்பது வருஷத்துக்கு முன்னால் கூட ஆடிய ஆஞ்செலா பக்ஸ்டனிடம், வாடகைக்கும் மருந்துக்கும் காசில்லை, உயிரை விட்டுவிடப் போகிறேன் என்றார். பக்ஸ்டன் பணம் அனுப்பியதோடு, 1996இல் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் அல்தியாவின் நிலைமையைப் பற்றிக் கடிதம் வரச் செய்தார். பல தேசங்களிலிருந்து, பெயர் தெரியாத ஜனங்களிடமிருந்து, கவர் கவராகப் பணம் வந்தது. கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் சேர்ந்தது என்கிறார்கள். 1940இல் ஹார்லெமில் நடந்த வசூல்தான், தெரு மட்டும் பெரிதாகிவிட்டது. 2003 செப்டம்பர் 28இல் அல்தியா இறந்தார். வயது 76.

அவருக்கு அடுத்து ஒரு கறுப்புப் பெண் அமெரிக்கப் பட்டத்தை வெல்ல 1999இல் செரீனா வில்லியம்ஸ் வர வேண்டியிருந்தது. நாற்பத்தொரு வருஷம். அமெரிக்கப் போட்டி நடக்கிற வளாகத்தில் அல்தியாவுக்குச் சிலை வைத்தது 2019இல்.

திறப்பு விழா நடந்த மறு வருஷம், 2020 ஆகஸ்டில், ஆஞ்செலா பக்ஸ்டனும் செத்துப்போனார். 1956இல் இரட்டையர் பட்டம் வென்ற கையோடு விம்பிள்டன் கிளப்பில் உறுப்பினராக விண்ணப்பம் போட்டவர் அவர். யூதர் என்பதால்தான் கிடைக்கவில்லை என்று கடைசிவரை சொல்லிவந்தார். உறுப்பினர் அட்டை வரவே இல்லை.